நடுவயதுக்குப் பின் ஹார்மோன்: எப்போது சோதிப்பது, எதை எடுப்பது, எதை விடுவது

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்ணுக்கு மாதவிலக்கு தாறுமாறாகி, திடீர் திடீரென்று குப்பென வியர்த்துக் கொட்டினால், விலக்கு நிற்கும் காலம் வந்துவிட்டது என்று சொல்ல ரத்தப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் நம் ஊரில் நடப்பது வேறு. 'ஹார்மோன் பேனல்' என்று நீளமாக ஒரு லேப் சீட்டு, கடைசியில் ஒரு கால்சியம் மாத்திரை, "வயசானா இப்படித்தாம்மா இருக்கும்" என்று ஒரு பதில். ஆண்கள் பக்கம் நிலைமை தலைகீழ். அசதி என்று போனவருக்குச் சாயங்காலம் எடுத்த ஒரே ஒரு டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) அளவை வைத்து ஊசியே போட ஆரம்பித்துவிடுகிறார்கள். பெண்ணுக்கு வேண்டாத சோதனை நடக்கிறது, வேண்டிய சிகிச்சை கிடைப்பதில்லை. ஆணுக்கு வேண்டிய சோதனையைச் சரியாகச் செய்யாமலே சிகிச்சை தொடங்கிவிடுகிறது.

கீழே மருந்துகளின் அளவைச் சொல்லியிருப்பது, உங்கள் மருந்துச் சீட்டை நீங்களே படித்து, மருத்துவரிடம் கேள்வி கேட்பதற்காக. கடையில் நேரே போய் வாங்கிப் போட்டுக்கொள்வதற்காக அல்ல.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

சினைப்பையில் கருமுட்டைகள் தீரத் தீர ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சில ஆண்டுகளுக்குள் சரிந்துவிடுகிறது. ஒரே சீராகவும் சரியாது. ஒரு மாதம் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும், அடுத்த மாதம் ஒன்றுமே இருக்காது. மார்பு கனத்து வலிப்பதும் உடம்பு கபகபவென்று எரிவதும் ஒரே பெண்ணுக்கு மாறி மாறி வருவது இதனால்தான். மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பதற்றம் வந்துவிடுகிறது. கால் டிகிரி சூடு ஏறினாலே, காய்ச்சல் வந்ததுபோல ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது.

ஆணுக்கு அப்படி ஒரு சரிவு கிடையாது. முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் இறங்குகிறது. எண்பது வயதிலும் இயல்பான அளவோடு இருப்பவர்கள் ஏராளம். 'ஆண்களுக்கும் மெனோபாஸ்' என்பது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும், உடலியலில் அதற்கு இடமில்லை.

பெண்கள்: முதலில் காலண்டர், பிறகுதான் லேப்

கடைசி விலக்கு வந்து முழுதாக 12 மாதம் ஆன பிறகே 'நின்றுவிட்டது' என்று கணக்கு. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் இது நடக்கிறது. மேலை நாடுகளில் 51. தொல்லை அதிகம் அதற்கு முந்தைய சில ஆண்டுகளிலும் பிந்தைய சில ஆண்டுகளிலும்தான். சூடு ஏறுவது ஓரிரு மாதத்தில் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல பெண்களுக்கு ஏழு ஆண்டு வரை நீடிக்கிறது.

மருத்துவரிடம் போகுமுன் மூன்று மாதம் சுவரில் தொங்கும் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். விலக்கு தொடங்கிய நாள், எத்தனை நாள் நீடித்தது, அதிகம் போன நாளில் எத்தனை நாப்கின், பகலில் எத்தனை தடவை சூடு ஏறியது, இரவில் எத்தனை தடவை நனைந்து எழுந்தீர்கள். இந்த ஒரு தாள், ஹார்மோன் பேனலைவிட மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

ரத்தத்தில் எஃப்எஸ்ஹெச் (சினைப்பையைத் தூண்ட மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்) பார்ப்பதற்கு ஒரு இடம் உண்டு: வயது 45-க்குக் கீழே இருக்கும்போது. நாலு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு தடவை எடுப்பது வழக்கம். நாற்பதுக்குக் கீழே விலக்கு நின்று, அளவு 25-க்கு மேல் இருந்தால் சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்த எஃப்எஸ்ஹெச் குப்பைக்குத்தான் போக வேண்டும். 45-க்கு மேல் ஏன் வேண்டாம் என்றால், மேலே சொன்ன ஏற்ற இறக்கத்தால் இன்று 60 காட்டும் அளவு அடுத்த மாதம் 8 காட்டும். 'நார்மல்' என்று வந்த அந்தத் தாளைக் காட்டி, இருக்கிற தொல்லையை இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

வேறு நோய்கள் இதே வேஷத்தில் வரும் என்பதால் இவற்றை மட்டும் பார்த்துவிடுங்கள்: டிஎஸ்ஹெச் (தைராய்டு சோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை. நாள் தள்ளிப்போனால், 43 வயதானாலும், முதலில் கர்ப்பப் பரிசோதனை. இரவு வியர்வையோடு சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் அது மெனோபாஸ் அல்ல. காசநோய்க்குச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டும்.

ரத்தப்போக்கில் இரண்டு விஷயம். 'நிற்கப் போகும் நேரத்தில் அப்படித்தான் கொட்டும்' என்று பெரியவர்கள் சொல்வதை நம்பி ஆறு, ஏழு கிராம் ஹீமோகுளோபினுடன் வருகிறார்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ ஸ்கேன் எடுக்க வேண்டும். இரண்டாவது, ஓர் ஆண்டு நின்ற பிறகு ஒரு சொட்டு கறை பட்டாலும் உடனே போக வேண்டும். பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் திசுப் பரிசோதனை. புற்றுநோயாக இருந்தால் இந்தக் கட்டத்தில் குணப்படுத்திவிடலாம் என்பதால்தான் இந்த அவசரம்.

ஹார்மோன் சிகிச்சை: பயம் எங்கிருந்து வந்தது

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் திருப்பிக் கொடுப்பதுதான் ஹார்மோன் சிகிச்சை. 2002-இல் அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஹார்மோன் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடியது என்பது செய்தி. உலகம் முழுக்க மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள். கூடியது எவ்வளவு என்றால், ஆண்டுக்கு 10,000 பெண்களில் 8 பேர் கூடுதல். அந்தப் பெண்களின் சராசரி வயது 63. கொடுத்தது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப்போல வேலை செய்யும் செயற்கைப் புரோஜெஸ்டின் ஒன்றும். கர்ப்பப்பை இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இன்றைக்கு நிலைமை இது: 60 வயதுக்குள், அல்லது விலக்கு நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கினால், தொல்லை அதிகம் உள்ள ஆரோக்கியமான பெண்ணுக்கு நன்மையே மிகுதி. எழுபதில் புதிதாகத் தொடங்குவது தவறு.

யாருக்குக் கூடாது: மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், கல்லீரல் நோய் தீவிரமாக உள்ளவர்கள். தொடங்குமுன் ரத்த அழுத்தம், மேமோகிராம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவை பார்க்க வேண்டும்.

சீட்டில் இருக்க வேண்டியவை இரண்டே கேள்விக்குப் பதில். கர்ப்பப்பை இருக்கிறதா? இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் கட்டாயம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய்ப் புற்றுநோயில் முடியலாம். கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது என்றால் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். இரண்டாவது கேள்வி, விலக்கு நின்று ஓர் ஆண்டு ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் புரோஜெஸ்டிரோன் 200 மி.கி. மாதத்தில் 12 முதல் 14 இரவு. அது முடிந்ததும் விலக்குபோல வரும், பயப்பட வேண்டாம். ஆகிவிட்டது என்றால் தினமும் இரவு 100 மி.கி. இந்தக் காப்ஸ்யூல் தூக்கத்தைக் கொண்டுவரும். காலையில் போட்டுக்கொண்டு 'தலை சுற்றுகிறது, எனக்கு ஒத்துக்கவில்லை' என்று நிறுத்தியவர்கள் பலர். படுக்கும்போது போட்டால் அதே குணம் உதவியாகிவிடும்.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையாக என்றால் எஸ்ட்ராடையோல் வேலரேட் 1 மி.கி.-யில் தொடங்குவார்கள். பருமன், சர்க்கரை, ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறையும் வாய்ப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தோல் வழி ஜெல்லையோ பேட்ச்சையோ கேளுங்கள். மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போய் அங்கே உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டிவிடும். தோல் வழி போவது அப்படிச் செய்வதில்லை. நம் கடைகளில் பேட்ச்சைவிட ஜெல் சுலபமாகக் கிடைக்கிறது.

ஜெல் வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் பூசும் விதம்தான். குளித்து, துவட்டி, மின்விசிறிக்குக் கீழே வியர்வை அடங்கிய பிறகு பூசுங்கள். பூசும் இடத்தில் தேங்காய் எண்ணெய், பவுடர், லோஷன் எதுவும் இருக்கக் கூடாது. 0.06 சதவீத ஜெல்லில் ஒரு முழு அமுக்குக்கு 1.25 கிராம் வரும், அதில் 0.75 மி.கி. எஸ்ட்ராடையோல் இருக்கும். முதல் தடவை புட்டியைத் திறக்கும்போது காற்று போகும் வரை இரண்டு மூன்று தடவை அமுக்கி அதைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் சில தடவை முழு அளவு வராது. தோளிலிருந்து முழங்கை வரை வெளிப்பக்கமாகவோ உள்தொடையிலோ மெல்லிசாகப் பரப்புங்கள். மருந்தெண்ணெய்போல அழுத்தித் தேய்க்க வேண்டாம். மார்பில் பூசக் கூடாது. ஐந்து நிமிடம் காயவிட்டு ரவிக்கை போடலாம், ஒரு மணி நேரம் அந்த இடத்தைக் கழுவக் கூடாது. கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும்போது ஜெல் பூசிய கையை நீட்டாதீர்கள். தோலில் மிச்சமிருப்பதும் ஊசியில் ஏறிப் பொய் அளவு காட்டும்.

இரண்டு முதல் நாலு வாரத்தில் சூடு குறையத் தொடங்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம். மூன்று முதல் ஆறு மாதம் வரை அங்கங்கே கறை படுவது சகஜம். அதற்குப் பிறகும் பட்டாலோ, நின்று மறுபடி வந்தாலோ ஸ்கேன். எத்தனை ஆண்டு எடுக்கலாம் என்பதற்கு நிலையான வரம்பு கிடையாது. ஆண்டுக்கொரு தடவை உட்கார்ந்து 'இன்னும் தேவையா' என்று பேச வேண்டும். ஹார்மோன் சிகிச்சை கருத்தடை அல்ல. ஐம்பதுக்குக் கீழே நின்றவர்கள் இரண்டு ஆண்டும், ஐம்பதுக்கு மேல் நின்றவர்கள் ஓர் ஆண்டும் கருத்தடையைத் தொடர வேண்டும். ரத்தப்போக்கும் அதிகம், சூடும் ஏறுகிறது என்பவர்களுக்குப் புரோஜெஸ்டின் சுரக்கும் கர்ப்பப்பைச் சாதனம், அதாவது 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ளது, ஒரே கல்லில் மூன்று மாங்காய்: போக்கைக் குறைக்கும், கருத்தடையாகும், உள்சவ்வையும் காக்கும். மேலே ஜெல் மட்டும் பூசினால் போதும்.

ஹார்மோன் கூடாது, வேண்டாம் என்பவர்களுக்கு

வென்லாஃபாக்ஸின் 37.5 மி.கி.-யில் தொடங்கி 75 வரை, அல்லது படுக்கும்போது காபாபென்டின் 300 மி.கி. இரவு வியர்வைக்குக் காபாபென்டின் நன்றாகக் கேட்கிறது. பராக்ஸெட்டின் 7.5 மி.கி. அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதி பெற்றது. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்களுக்கு அது கூடாது. டமாக்ஸிஃபெனைச் செயல்படும் மருந்தாக மாற்றும் என்சைமை அது முடக்கிவிடும். அவர்களுக்கு வென்லாஃபாக்ஸின்தான். 2023-இல் அமெரிக்காவில் வந்த ஃபெசோலினெடன்ட் மூளையின் அந்தச் சூட்டுப் பகுதியிலேயே வேலை செய்கிறது. கல்லீரல் பரிசோதனை தொடர்ந்து செய்ய வேண்டும். சோயாவால் ஓரளவு பலன் உண்டு, எல்லோருக்கும் அல்ல.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத தொல்லை

பிறப்புறுப்பு வறட்சி, உறவின்போது வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு, அவசரமாகச் சிறுநீர் வருவது. சூடு ஏறுவது காலப்போக்கில் தானாக அடங்கும். இது அடங்காது, வளரும். நீர்க்கடுப்பு என்று ஆண்டுக்கு நாலு தடவை ஆன்டிபயாடிக் வாங்கும் அறுபது வயது அம்மாக்களில் பலருக்கு வேண்டியது ஆன்டிபயாடிக் அல்ல, பிறப்புறுப்பில் வைக்கும் ஈஸ்ட்ரியோல் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) கிரீம்.

0.1 சதவீத கிரீம் என்றால், குழாயோடு வரும் செலுத்தியில் கோடு வரை, அதாவது 0.5 கிராம். முதல் இரண்டு வாரம் தினமும் படுக்கும்போது, பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். செவ்வாய், வெள்ளி என்று கிழமை வைத்துக்கொண்டால் மறக்காது. விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் வறட்சியை அந்த நேரத்துக்கு மறைக்கும், சவ்வை மீட்காது. இந்த அளவில் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால் புரோஜெஸ்டிரோன் தேவையில்லை, எந்த வயதிலும் தொடங்கலாம், நிறுத்தத் தேவையும் இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று அலமாரிக்குள் போட்டுவிடுவதுதான் நடக்கும் தவறு.

எலும்பு

நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது. நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 350 மி.கி. அளவிலும், கால் லிட்டர் பாலில் 300 மி.கி. அளவிலும் கிடைத்துவிடும், மீதிக்கு மட்டும் மாத்திரை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி ஸ்கோர் மைனஸ் 2.5-க்குக் கீழே போனால் கால்சியம் மட்டும் போதாது. அலென்ட்ரோனேட் 70 மி.கி. வாரம் ஒரு தடவை: காலை வெறும் வயிற்றில், முழு டம்ளர் தண்ணீரோடு, அதன் பிறகு அரை மணி நேரம் படுக்காமல், காபிகூடக் குடிக்காமல். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். இந்த ஒழுங்கு முடியாதவர்களுக்கு ஆண்டுக்கொரு தடவை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. உண்டு.

ஆண்கள்: இரண்டு காலை, வெறும் வயிறு

அசதி, மறதி, எரிச்சல், தூக்கமின்மை என்று எதை வேண்டுமானாலும் டெஸ்டோஸ்டிரோன் தலையில் கட்டலாம். ஆனால் உண்மையான குறைபாட்டோடு கைகோத்து வருபவை மூன்று: காலை எழும்போது விறைப்பு இல்லாமை, ஆசை குன்றுதல், உறவின்போது விறைப்பு நிலைக்காமை. 2010-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், 40 முதல் 79 வயது ஆண்களில் இந்த மூன்றும் இருந்து, அளவும் குறைந்திருந்தவர்கள் சுமார் 2 சதவீதம்தான்.

சோதனை எடுக்கும் முறை முக்கியம். காலை ஏழு முதல் பத்துக்குள், வெறும் வயிற்றில். சாப்பாடு, குறிப்பாகச் சர்க்கரை, அளவைக் கால் பங்கு வரை இறக்கிவிடும். சாயங்காலம் இயல்பாகவே குறைந்திருக்கும். இரவு முழுக்க விழித்த மறுநாள், காய்ச்சலில் இருக்கும்போது, மருத்துவமனையில் படுத்திருக்கும்போது எடுக்கவே கூடாது. குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுபடி. இரண்டு தடவையும் ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே என்றால்தான் அடுத்த பேச்சு. 230 முதல் 350 வரை நடுவாந்தரமாக நின்றால் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் எஸ்ஹெச்பிஜி என்ற புரதத்தையும் அல்புமினையும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தொப்பை உள்ளவர்களுக்கு அந்தப் புரதம் குறைவதால் மொத்த அளவு குறைந்ததுபோல் தோன்றும், உடம்புக்குக் கிடைப்பது சரியாகவே இருக்கும். லேப் பட்டியலில் நேரடியாக 'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' என்று இருப்பது பெரும்பாலும் நம்பத்தகாத முறை, காசு வீண்.

குறைவு உறுதியானால் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், புரோலாக்டின் என்று மூளையடிச் சுரப்பியின் மூன்று ஹார்மோன்களைப் பார்க்க வேண்டும். எல்ஹெச்தான் விதைக்குப் போகும் கட்டளை. எல்ஹெச் ஏறியிருந்தால் விதையில் கோளாறு. எல்ஹெச் ஏறாமல் இருந்தால் மேலே, மூளையடிச் சுரப்பியில். அளவு 150-க்கும் கீழே, அல்லது புரோலாக்டின் அதிகம், அல்லது தலைவலியோடு பக்கப் பார்வை மங்கல் என்றால் எம்ஆர்ஐ. ஆனால் நம்மிடம் வரும் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் வேறு: தொப்பை, சர்க்கரை நோய், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், தினசரி மது, வலிக்கு மாதக்கணக்கில் டிராமடால், ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை. இவற்றைச் சரிசெய்தால் அளவு தானாக ஏறும். தொண்ணூறு கிலோ உள்ளவர் ஒன்பது கிலோ குறைத்தால் ரத்தத்தில் வித்தியாசம் தெரியும். இரண்டு கிலோவுக்குத் தெரியாது. வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி தசைக்கு வேண்டும், நடை மட்டும் போதாது.

விறைப்புப் பிரச்சினை என்றாலே டெஸ்டோஸ்டிரோன் என்று நினைப்பதும் தவறு. ஆணுறுப்பின் தமனி இதயத் தமனியைவிடச் சிறியது. அடைப்பு அங்கே முதலில் தெரியும், மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே. ஆகவே முதலில் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இசிஜி. சில்டெனாஃபில் (வயாகரா) பலருக்குப் போதும். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர்கள் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவு விழும்.

டெஸ்டோஸ்டிரோன் தொடங்கினால்

குழந்தை வேண்டும் என்பவருக்கு இது கூடவே கூடாது. வெளியிலிருந்து போகும் ஹார்மோனைப் பார்த்ததும் மூளை விதைக்குச் சொல்லும் கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். நாற்பது வயதில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு 'சக்தி ஊசி' போட்டுக்கொண்டவர்களுக்கு விந்தணு பூஜ்யமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நிறுத்திய பிறகு மீள மாதக்கணக்கில் ஆகும். அவர்களுக்கு குளோமிஃபீன், ஹெச்சிஜி என்று வேறு வழி உண்டு. புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இதயச் செயலிழப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள் ஆகியோருக்கும் கூடாது.

1 சதவீத ஜெல் என்றால் தினமும் காலை 5 கிராம், அதில் 50 மி.கி. தோள், மேற்கையில் பூசி, காயவிட்டு, கை கழுவி, சட்டை போட வேண்டும். சட்டை போட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். வீட்டில் கைலியோடு வெற்றுடம்பாக உட்கார்ந்து பேரப்பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொள்வது நம் வழக்கம். ஜெல் குழந்தையின் தோலுக்கு மாறி, மூன்று வயதில் மறைவிட முடி முளைத்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. மனைவிக்கும் மீசை அரும்பலாம். பூசிய பின் ஐந்து மணி நேரம் குளிக்காமல் இருப்பது நல்லது.

நீண்ட நாள் ஊசி அன்டெகனோயேட் 1,000 மி.கி.: முதல் ஊசி, ஆறு வாரத்தில் இரண்டாவது, பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. எண்ணெய்க் கரைசல் என்பதால் இடுப்புத் தசையில் இரண்டு நிமிடம் மெதுவாக ஏற்ற வேண்டும். போட்டதும் கிளம்பாமல் அரை மணி நேரம் உட்காருங்கள். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் உடனே இருமலும் மூச்சுத் திணறலும் வரும். இரண்டு வாரத்துக்கு ஒன்று போடும் பழைய ஊசிகளில் முதல் சில நாள் துள்ளலும் கடைசி நாட்களில் சோர்வுமாக ஏறி இறங்கும். அந்தச் சோர்வைப் பார்த்து இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போவதுதான் ரத்தம் கெட்டியாவதன் ஆரம்பம்.

கெட்டியாவதைக் காட்டும் எண் ஹீமாடோக்ரிட். தொடங்குமுன், மூன்று மாதம், ஆறு மாதம், ஓர் ஆண்டு, பிறகு ஆண்டுதோறும். 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடங்க வேண்டும். கூடவே பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை): முதல் ஓராண்டில் 1.4-க்கு மேல் ஏறினாலோ, மொத்தம் 4-ஐத் தாண்டினாலோ யூராலஜிஸ்ட்டிடம் (சிறுநீர்ப்பாதை மருத்துவர்) போக வேண்டும். புராஸ்டேட் வீக்கத்துக்கோ முடி கொட்டுவதற்கோ ஃபினாஸ்டிரைடு சாப்பிடுபவர்களுக்கு பிஎஸ்ஏ பாதியாகக் காட்டும், இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

ஆசை மூன்று முதல் ஆறு வாரத்தில் திரும்பும். ஆறு மாதமாகியும் அளவு சரியாகி, தொல்லை மட்டும் அப்படியே இருந்தால் காரணம் அதுவல்ல, நிறுத்திவிடலாம். இதயத்துக்கு ஆபத்தா என்ற பழைய சந்தேகத்துக்கு 2023-இல் 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த ஆய்வு பதில் சொன்னது: மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கின்மையும் நுரையீரலில் ரத்த உறைவும் கொஞ்சம் கூடின. எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாக அதுவும் கூடியது.

தைராய்டு

வயதாக ஆக டிஎஸ்ஹெச் தானாகக் கொஞ்சம் ஏறும். எழுபது வயதுக்காரருக்கு டிஎஸ்ஹெச் 6 என்று வந்து, டி4 (தைராய்டு ஹார்மோன்) சரியாக இருந்தால் மாத்திரை பெரும்பாலும் தேவையில்லை. 2017-இல் 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் செய்த ஆய்வில் மாத்திரையால் அசதி குறையவில்லை. அதிக அளவு கொடுத்தால் இதயம் படபடக்கும், எலும்பு கரையும். டிஎஸ்ஹெச் 10-ஐத் தாண்டினால் பேச்சு வேறு. லெவோதைராக்ஸின் (தைராய்டு மாத்திரை) வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. முடிக்காகப் பயோட்டின் சாப்பிடுபவர்கள் சோதனைக்கு இரண்டு, மூன்று நாள் முன்பு நிறுத்துங்கள், அது தைராய்டு அளவுகளைப் பொய்யாக்கும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை புதிதாகத் தொடங்கிய பெண்ணுக்கு லெவோதைராக்ஸின் போதாமல் போகலாம், இரண்டு மூன்று மாதத்தில் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். ஜெல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

காசைக் கொட்ட வேண்டாத இடங்கள்

லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒரு தேதியில் வரும் 'வைத்தியர்', சிட்டுக்குருவி லேகியம், வீரியச் சூரணம். இந்த மாதிரிச் சரக்குகளில் சில்டெனாஃபிலைப் பொடித்துக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. வேலை செய்கிறதென்றால் சந்தேகப்படுங்கள், இதய மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் அதிகமாக. டிஹெச்இஏ என்ற ஹார்மோன் மாத்திரையும் வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் வயதைக் குறைக்காது. பின்னது கால் வீக்கம், கை மரத்துப்போதல், சர்க்கரை நோய் ஆகியவற்றைக் கொண்டுவரும்.

யாரிடம் போவது, எதைக் கொண்டுபோவது

பெண்களுக்கு மகப்பேறு மருத்துவர் போதும்; 40-க்குக் கீழே நின்றவர்களும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆண்களும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போக வேண்டும். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தத் துறை இருக்கிறது. காலண்டர் தாள், சாப்பிடும் எல்லா மருந்தின் அட்டைகள், பழைய அறிக்கைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

கர்ப்பப்பை எடுத்த பெண்கள் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். சினைப்பைகளையும் எடுத்தார்களா என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. 45-க்குள் இரண்டு சினைப்பையும் போயிருந்தால், சூடு ஏறாவிட்டாலும், எலும்புக்காகவும் இதயத்துக்காகவும் இயல்பாக நிற்கும் வயது வரை ஈஸ்ட்ரோஜன் எடுக்க வேண்டும். அறுவையின்போது யாரும் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சீட்டு தொலைந்துவிட்டது என்றால் அறுவைக்குப் பின் வந்த திசுப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள், எதை எதை அனுப்பினார்கள் என்று அதில் எழுதியிருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் ஸ்கேனும் எஃப்எஸ்ஹெச்சும் சேர்ந்து பதில் சொல்லிவிடும்.